தனிப்படம் தினமும் ஒன்று: கண்ணில் படுவதா, தேடிப் போவதா?

டெல்டா_புதுசு

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டப் பதிப்புக்குப் படம் எடுக்கிறேன். குறைதீர் கூட்டம், சிலைக்கு மாலை, நலத்திட்ட உதவி எல்லாம் போக தினமும் ஒரு தனிப்படம் கேட்கிறார்கள். பெரிய செய்தி இல்லாத நாளில் பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிற அன்றாடக் காட்சி ஒன்று. வெயில் என்றால் இளநீர், துப்பட்டா. மழை என்றால் குடை, தேங்கிய தண்ணீரில் பஸ். அதற்கு மேல் யோசனை ஓடவில்லை. கையில் 24–70, 70–200 இரண்டு லென்ஸும் இருக்கின்றன. "கண்ணைத் திறந்து பார், தானாக வரும்" என்பது போல இல்லாமல், எங்கே, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

நிழல்_அளவு

முதலில் சூரியனைப் படியுங்கள் தம்பி. ஊரில் எந்த இடத்துக்கு எப்போது வெளிச்சம் வரும் என்பது கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

தஞ்சாவூரில் ஜூன் மாதம் சூரியன் 6 மணிக்குச் சற்று முன்பே எழும். ஜனவரி நடுவில் 6.35 ஆகிவிடும். நேரத்தை விட முக்கியம் திசை. ஜூன் கடைசியில் நேர் கிழக்கிலிருந்து வடக்கே சுமார் 24 டிகிரி தள்ளி உதிக்கும், டிசம்பர் கடைசியில் தெற்கே அதே அளவு. ஆறு மாதத்தில் 48 டிகிரி நகர்கிறது. மார்ச் மாதம் ஒரு தெருமுனையில் வீட்டுச் சந்து வழியாக டீக்கடை நீராவி மேல் விழுந்த கீற்று ஜூனில் அங்கே இருக்காது. "போன தடவை நல்லா இருந்துச்சே" என்று போய் ஏமாறுவது இதனால்தான்.

உச்சி வெயிலுக்கும் கணக்கு உண்டு. தஞ்சாவூரில் ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 24, 25 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். சென்னையில் அது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். அந்த நாட்களில் கொடிக்கம்பத்துக்கு நிழலே இருக்காது. அதுவே ஒரு தனிப்படம். ஆனால் மனித முகம் எடுக்க அதைவிட மோசமான வேளை கிடையாது, கண்குழி இரண்டும் கறுத்துப் போகும்.

கத்திரி வெயிலுக்கு இளநீரை விட நல்ல பொருள் நிழல். சிக்னலில் வண்டிகள் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்காமல் இருபதடி பின்னால் மரத்தடியில் நிற்கும். பஸ் நிறுத்தத்தில் விளக்குக் கம்பத்தின் ஒல்லியான நிழலுக்குள் நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். கம்பத்தின் நிழல் காலை 9.30 முதல் 10.30 வரை ஆள் நிற்கத் தக்க நீளத்தில் இருக்கும். எதிர்ச்சாரி மாடியில் ஏறி நின்றால் நிழல் கோடும் அதற்குள் மனிதர்களும் தெளிவாகத் தெரிவார்கள். தரையில் நின்று எடுத்தால் அது வெறும் பஸ் நிறுத்தம்தான். வெளிச்ச அளவைத் தரைக்கு வையுங்கள், நிழலுக்கு வைத்தால் தார்ச்சாலை வெளுத்துப் படத்தின் காரணமே போய்விடும்.

வடக்கு_வாசல்

நல்ல குறிப்பு. ஒரு கேள்வி. மே மாதம் நண்பகலில் நிழல் வடக்குப் பக்கம்தானே விழும்? தெருவின் தென்சாரிக் கட்டடத்தின் நிழலில் ஆட்களை எதிர்பார்க்கலாமா?

நிழல்_அளவு

இல்லை, தெற்கே விழும். ஏப்ரல் 18-க்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. மே நடுவில் 10 மீட்டர் உயரக் கட்டடம் தன் தெற்கே ஒன்றரை மீட்டருக்கும் குறைவாகத்தான் நிழல் தரும். கிழக்கு மேற்காக ஓடும் கடைத்தெருவில் அந்த ஒன்றரை மீட்டர் பட்டை வடசாரிக் கடைகளின் முன்னால் விழும். கூட்டம் முழுக்க அதில் ஒண்டிக்கொண்டு நடக்கும், எதிர்ச்சாரி காலியாகக் கிடக்கும். இதே கட்டடம் டிசம்பரில் வடக்கே 7 மீட்டர் வரை நிழல் போடும். அப்போது தெருவே நிழல், எடுக்க ஒன்றுமிருக்காது.

தெருவோரம்

அண்ணன் சொல்வது சரி, ஆனால் பாதிதான் என்பேன். பின்னணியையும் வெளிச்சத்தையும் முதலில் பிடித்துவிட்டு யாராவது நடந்து வரட்டும் என்று நிற்பது பழக்கமானால் எல்லாப் படமும் ஒரே மாதிரி ஆகிவிடும். சுவர், நிழல், அதில் ஒரு ஆள். அந்த ஆள் யாராக இருந்தாலும் படம் மாறாது என்றால் அது செய்திப் படமா?

வேலையைப் பாருங்கள். எந்தத் தொழிலிலும் பார்க்கத் தக்க நொடி ஒன்றிரண்டுதான், மீதி நேரம் சாதாரணமாகப் போகும். அந்த நொடி எப்போது வரும் என்று தெரிந்துகொள்வதுதான் தேடல்.

இஸ்திரி வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் துணி மேல் பெட்டி ஓடுவதை எடுப்பார்கள். அங்கே பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தண்ணீர் தெளிப்பது. வெயில் துணிக்குப் பின்னாலிருந்து வந்தால் துளிகள் ஒளிரும். ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு மேல் வைத்தால் துளி துளியாக நிற்கும், 1/60 வைத்தால் கோடாக இழுபடும். பின்னணி இருட்டாக இல்லாவிட்டால் இரண்டுமே தெரியாது. அதனால் வண்டியைச் சுற்றி வந்து, கதவு திறந்த வீட்டின் உள்ளிருட்டோ மரத்தின் நிழலோ பின்னால் வருகிற இடத்தில் நில்லுங்கள். இன்னொன்று, பெட்டியின் மூடியைத் திறந்து கரியை விசிறும் நேரம். கொட்டாங்குச்சிக் கரி பொறி பறக்கும், முகத்தில் சிவப்பு ஏறும். பகலில் இது கண்ணுக்கே தெரியாது. சூரியன் இறங்கிய பிறகு பத்துப் பதினைந்து நிமிடம், வானம் நீலமாக இருக்கும்போது மட்டும் பொறியும் தெரியும், தெருவும் தெரியும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600, எஃப் (லென்ஸ் திறப்பு) 2.8, ஷட்டர் 1/60 அளவில் தொடங்குங்கள். இன்னும் இருட்டிவிட்டால் பொறி மட்டும் மிஞ்சும், மனிதர் காணாமல் போவார்.

டெல்டா_புதுசு

இரண்டும் சேர்ந்தால்தான் படம் என்று தோன்றுகிறது. இப்போது குறுவை நடவு. எல்லோரும் எடுக்கிற படம்தான், ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரத்தில் அதை விட்டுவிட்டு வேறெதை எடுப்பது? நடவில் அந்த நொடி எது?

நாற்றங்கால்

நாத்து முடி வீசுவது. முடி என்றால் பறித்துக் கட்டிய நாற்றுக் கட்டு. அவற்றைச் சுமந்து வந்து, வரப்பில் நின்று, சேற்று வயல் முழுக்க ஆங்காங்கே விழும்படி எறிவார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நடவுக்கு முன்னால் நடப்பது, ஆகவே நடவு தொடங்கிய பிறகு போனால் கிடைக்காது. முந்தின நாள் மாலையே எந்த வயல், எத்தனை மணிக்கு, கை நடவா இயந்திர நடவா என்று கேட்டு வையுங்கள். இயந்திரம் என்றால் பாய் நாற்றங்கால், தட்டுத் தட்டாக அடுக்கி வரும், முடி வீசும் வேலையே இல்லை. நேரடி விதைப்பு என்றால் நடவே இல்லை. இதை விசாரிக்காமல் விடியற்காலையில் முப்பது கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல்தான் வீண்.

நிற்க வேண்டிய இடம்: வீசுபவருக்கு எதிர்ப்புறம் அல்லது பக்கவாட்டில், சூரியன் அவருக்குப் பின்னால் இருக்கும்படி. வேரிலிருந்து சிதறும் சேற்றுத் தண்ணீர் எதிர்வெளிச்சத்தில்தான் துலங்கும். ஷட்டர் 1/1000 முதல் 1/1600, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400 முதல் 800. போகஸை முடி மேல் துரத்தாதீர்கள், கேமரா திணறும். வீசுபவர் மேல் வைத்துவிட்டு, முடி போகிற பக்கம் பிரேமில் முக்கால் பங்கு இடம் விடுங்கள். எல்லோரும் மனிதரை நடுவில் வைத்து, முடி பிரேமுக்கு வெளியே போன படத்தைத்தான் கொண்டு வருவார்கள்.

தண்ணீர் நின்ற வயல் கண்ணாடி மாதிரி. கேமராவின் அளவுமானி அந்தப் பளபளப்பில் ஏமாந்து படத்தை இருட்டாக்கும். முகம் வேண்டுமானால் கேமராவில் வெளிச்ச அளவை +0.7 முதல் +1 வரை கூட்டுங்கள். காற்று எழும் முன், அதாவது 8 மணிக்குள், வானம் அப்படியே வயலில் விழும். அதன் பிறகு சிற்றலை.

கயல்_கேமரா

நடவுப் படம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். குனிந்து நடும் பெண்களைப் பின்னாலிருந்து எடுத்து அனுப்புவது இன்னும் நடக்கிறது. அது மரியாதைக் குறைவு, படமாகவும் மோசம். நடுபவர்கள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுகிறார்கள். அவர்கள் முகம் நட்டு முடித்த பக்கம் இருக்கும். ஆகவே நட்டு முடிந்த பக்கத்து வரப்பில் உட்காருங்கள், கேமரா முழங்கால் உயரத்தில். 70–200-ஐ 150-க்கு மேல் வைத்தால் முன்னால் புது நாற்று வரிசை, பின்னால் முகங்கள். நேரம் ஆக ஆக அவர்கள் விலகிப் போவார்கள், அதனால் தொடக்கத்திலேயே அங்கே இருக்க வேண்டும்.

கேமராவை எடுப்பதற்கு முன் வயல்காரரிடம் மட்டும் கேட்டால் போதாது, நடும் அக்காக்களிடமும் கேளுங்கள். யாராவது வேண்டாம் என்றால் அவரை விட்டுவிட்டு எடுங்கள். எடுத்ததைத் திரையில் காட்டுங்கள். இரண்டு நிமிடம் காட்டிவிட்டால் அப்புறம் கேமராவைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள், பேச்சும் பாட்டும் வரும். நல்ல படம் அப்போதுதான் வரும். குழந்தைகள் இருந்தால் பெற்றவரிடம் கேட்டுப் பெயர் வாங்குங்கள். குற்ற வழக்கில் தொடர்புடைய குழந்தை என்றால் அடையாளம் தெரியும் எதையும் வெளியிடக்கூடாது, போக்சோ சட்டமும் இளைஞர் நீதிச் சட்டமும் இதில் கண்டிப்பானவை.

வடக்கு_வாசல்

முடி வீசும்போது பிரேம் தவறிவிட்டால் "இன்னொரு தடவை வீசுங்கண்ணே" என்று கேட்பதில் என்ன தப்பு? அவர் எப்படியும் வீசப் போகிறவர்தானே.

டெஸ்க்_ஓரம்

தப்புதான். நீங்கள் கேட்டு அவர் வீசியது, செய்தி நடந்தது அல்ல. செய்தி நிறுவனங்களும் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியும் இதைத் தெளிவாக விலக்குகின்றன. வெட்டி ஒட்டுவது, பொருளைச் சேர்ப்பது, அழிப்பது எல்லாம் அதே வரிசைதான். ராய்ட்டர்ஸ் 2015 நவம்பரில், சுயேச்சைப் புகைப்படக்காரர்கள் ராஃ கோப்பிலிருந்து (கேமராவின் பதப்படுத்தாத மூலப் பதிவு) மாற்றிய படம் அனுப்ப வேண்டாம், கேமராவே பதிவு செய்த ஜேபெக் போதும் என்று சொன்னது.

மீண்டும் கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அன்றாட வேலையின் பெரிய வசதியே அது திரும்பத் திரும்ப நடப்பது. முதல் ஐந்து வீச்சை எடுக்காமல் பாருங்கள். எந்தக் கை, எத்தனை நொடிக்கு ஒன்று, வீசும் முன் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பிடிபடும். ஆறாவது வீச்சுக்கு உடம்பு சாயும்போதே விரல் அழுந்தத் தொடங்கட்டும். முடி கையை விட்ட பிறகு அழுத்தினால் எப்போதும் தாமதம்தான்.

படம் பக்கத்தில் எப்படி விழும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பும். திரையில் விவரம் தெரியும் நிழல் அச்சில் கறுப்புக் கட்டியாகிவிடும். செய்தித்தாளுக்கு நாலு நிற மையும் (ஒவ்வொன்றும் 100 வரை) ஓரிடத்தில் சேர்ந்து 240 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் பார்ப்பது பொது வழக்கம். ஆகவே முகம் பாதி நிழலில் இருக்கும் படம் வேண்டாம். முகம் தெளிவாக இருக்கட்டும், அல்லது முழுக்க நிழலுருவாக இருக்கட்டும். ஒரே காட்சியை அகலமாகவும் நெட்டாகவும் எடுங்கள். இரவு எட்டு மணிக்கு விளம்பரம் ஒன்று வந்து இடத்தை மாற்றும்போது நெட்டுப் படம் இருப்பவருக்குத்தான் இடம் கிடைக்கும்.

கேப்ஷனில் "பணி மும்முரம்", "பணி தீவிரம்" இரண்டையும் ஒரு வருடம் தொடாதீர்கள். ஊர், என்ன பயிர், எந்தக் கட்டம், ஏன் இன்று. படத்தில் தெரியாத ஒரு உண்மை கேப்ஷனில் இருக்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. இந்த ஆண்டு எப்போது திறந்தார்கள், இந்த வாய்க்காலுக்கு எத்தனையாம் நாள் தண்ணீர் வந்தது என்று ஒரு வரி சேர்த்தால் அழகுப் படம் செய்திப் படமாகிவிடும். பெயரை இனிஷியலோடு அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், அல்லது போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். ஆபீஸுக்கு வந்து நினைவிலிருந்து எழுதும் பெயர் தவறாகத்தான் வரும்.

தெருவோரம்

டெஸ்க் சொன்ன "படத்தில் தெரியாத ஒரு உண்மை" என்பதை வழிமொழிகிறேன். டெல்டாவில் அதற்கு நெல் காயவைப்பதை விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றின் மேல் ஒன்று வந்து விழும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காடு வரைதான் எடுப்பார்கள், மழை பிடித்தால் தளர்வு கேட்டுப் போராட்டம். அதனால்தான் சாலை நெடுக நெல். அந்தச் சாலையில் ஒரு பெண் காலால் நெல்லைத் தள்ளிக்கொண்டு நடக்கும் படத்துக்குள் அந்த 17 முழுக்க இருக்கிறது. அவர் கையில் நாலு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பார், காய்ந்துவிட்டதா என்று. அந்தக் கடிதான் படம். நிலையத்தில் கருவி காட்டப் போகும் எண்ணை அவர் பல்லில் முதலிலேயே தெரிந்துகொள்கிறார்.

டெல்டா_புதுசு

சாலையில் நெல் காயும் படம் எடுத்தால் தட்டையாக, மஞ்சள் பாய் விரித்தது போல மட்டும் வருகிறது. எங்கே தவறு?

நாற்றங்கால்

நேரம் தவறு. கால் தள்ளிப் போட்ட கோடுகள் தெரிய வேண்டுமானால் வெயில் பக்கவாட்டில், தாழ்வாக வர வேண்டும். காலையில் தாழ்ந்த வெயில் இருக்கும், நெல் இருக்காது. பனி ஈரம் போன பிறகுதான் பிரிப்பார்கள், அதற்கு முன் தார்ப்பாய் மூடிய குவியல்தான். பிரிக்கும்போது வெயில் ஏறிவிடும், தட்டைதான். அக்டோபரில் சூரியன் 6 மணிக்குச் சற்று முன் மறைகிறது. 4.15-லிருந்து 5.15 வரை உங்கள் நேரம். அதற்குள் அள்ளத் தொடங்கிவிடுவார்கள், மேகம் கறுத்தால் இன்னும் முன்னதாக. கறுத்த மேகம், மஞ்சள் நெல், அள்ளும் அவசரம் மூன்றும் சேரும் நாளில் 24 மி.மீ. அகலம் போதும், வானத்துக்குப் பாதி கொடுங்கள். வெறும் வெயில் நாளில் 200-ஐப் போட்டு, சாலை நீளத்துக்குக் குனிந்து எடுங்கள், கோடுகள் நெருங்கி வரும். போக்குவரத்துக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள். ஒரு ஆளைப் பின்னால் நிறுத்தாமல் அந்த நெடுஞ்சாலையில் குனியவே கூடாது.

ஈரக்காற்று

மழைக்காலம் வருகிறது என்பதால் கருவி பற்றியும் சொல்கிறேன். ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ கேமராவை நேராக ஈரக்காற்றில் எடுத்தால் லென்ஸ் பனி பூத்துவிடும். துடைத்தால் மறுபடி பூக்கும், உள்கண்ணாடியில் பூத்தால் துடைக்கவும் முடியாது. இருபது முப்பது நிமிடம் போகும், அதற்குள் முடி வீசி முடிந்திருக்கும். இரவே பையோடு ஏசி இல்லாத அறையில் வையுங்கள், அல்லது பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெளியே கொண்டுபோய், பை வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். ஈரமான கேமராவைப் பையில் பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு ஈரப்பதம் 40–50 விழுக்காட்டில் இருக்கட்டும்.

மழை படத்தில் தெரிய மூன்று வேண்டும்: எதிர்வெளிச்சம், இருண்ட பின்னணி, சரியான ஷட்டர். வெள்ளை வானத்துக்கு எதிரே எவ்வளவு கனமழையும் தெரியாது. எதிரே வரும் பஸ்ஸின் முகப்பு விளக்கு போதும். 1/125 வைத்தால் கோடு, 1/500 வைத்தால் துளி. கடைத்தெரு எல்இடி விளக்கில் எடுப்பதென்றால் 1/125-ஐத் தாண்டாதீர்கள்.

நிழல்_அளவு

சிறு திருத்தம். எல்இடி வெளிச்சத்தில் 1/125 கூட படத்தில் இருட்டுப் பட்டை விழ வைக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். 1/100 அல்லது 1/50 வையுங்கள், ஒரு துடிப்பு முழுதாக உள்ளே வந்துவிடும். அதற்கு மேல் வேகம் தேவைப்பட்டால் கேமராவில் துடிப்புத் தடுப்பு வசதியைப் போட்டு, மெக்கானிக்கல் ஷட்டரில் எடுங்கள். எலெக்ட்ரானிக் ஷட்டரில்தான் பட்டை அதிகம் வரும்.

ஈரக்காற்று

சரிதான், 1/100 என்றே எழுதியிருக்க வேண்டும். நன்றி அண்ணா.

டெல்டா_புதுசு

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. எவ்வளவு நேரம் காத்திருப்பது? கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது.

கயல்_கேமரா

அரை மணி நேரத்தைப் புது இடத்தில் செலவழிக்காதீர்கள். தினமும் போகும் வழியிலேயே நாலு இடம் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பூக்கடை வரிசை, ஒரு படித்துறை, ஒரு பள்ளிக்கூட வாசல், ஒரு கொள்முதல் நிலையம். கேமரா இல்லாமலும் நின்று, எத்தனை மணிக்கு என்ன நடக்கிறது என்று சின்ன நோட்டில் குறியுங்கள். "பள்ளி வாசல், 4.10, ஐஸ் வண்டி, மேற்கு வெயில் கம்பி வழியாக" என்கிற அளவுக்குப் போதும். இரண்டு வாரத்தில் நாற்பது வரி சேரும். அடுத்த அரை மணி நேரம் கிடைக்கும்போது நோட்டைப் புரட்டி, இந்த நேரத்துக்கு எது என்று பார்த்துப் போங்கள். போன இடத்தில் பத்து நிமிடம் எடுக்காமல் பார்ப்பது, பதினைந்து நிமிடம் எடுப்பது, ஐந்து நிமிடம் பெயரும் விவரமும் வாங்குவது. அந்தக் கடைசி ஐந்தைப் படத்துக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

நாற்றங்கால்

அந்த நோட்டில் வாய்க்கால் முறை வைக்கும் நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கிளைக்கு எப்போது தண்ணீர் என்று பாசனப் பிரிவு ஆட்களிடம் கேட்டால் சொல்வார்கள். தண்ணீர் முதன்முதலாக வறண்ட வாய்க்காலில் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வரும். அதன் முன்னால் நாய்களும் பிள்ளைகளும் ஓடுவார்கள், கொக்கு பின்னால் வரும். ஒரு மதகைத் தாண்டும் வரைதான் அது. மதகுக்கு நூறு அடி கீழே, வாய்க்கால் கரையில், தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். வாய்க்காலுக்குள் இறங்க வேண்டாம், மதகைத் திறந்ததும் வேகம் திடீரென்று கூடும்.